சங்கீதம் தெரியாதவருக்கும் கச்சேரி கேட்டு அழுகை வருமா?

வரும். எனக்கு வந்தது. இத்தனைக்கும் நான் பாட்டு வகுப்புப் பக்கமே தலைவைக்காதவன்.

கேட்டவர், வீட்டாரோடு ஏதோ மண்டபத்துக்குப் போய், பக்கத்து ஆள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யோசித்திருப்பார் போல. நானும் கொழும்பு வெள்ளவத்தையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள்தான்.

எனக்கு நடந்தது கொழும்பிலேயே, கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயில் திருவிழாவில். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது, தூண் கல், கூரை கல், எழும்புகிற சத்தம் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி எழும்பும் நேரம் சனம் நெருக்கியதில் நான் மேளக்காரருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டேன். நாதஸ்வரக்காரர் வயதானவர். குழலில் நூலில் கட்டித் தொங்கிய சீவாளிகளில் (வாயில் வைத்து ஊதும் துண்டு) ஒன்றை எடுத்து, வாயில் வைத்து நனைத்து, மாட்டி, ஊதிப் பார்த்தார். பிடிக்கவில்லை. கழற்றிவிட்டு வேறொன்று. அதுவரை நான் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். பிறகு தவிலில் ஒரு அடி, நெஞ்செலும்பில் வந்து விழுந்த மாதிரி. அதற்கு மேல் நாதஸ்வரம் ஏறியதும் கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது, அம்மா ஏதோ கேட்கிறா, எனக்குத் தொண்டை அடைத்துப் பதில் வரவில்லை.

வாசித்தது சுவாமி புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி, ராகம் கம்பீரநாட்டை என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். (1975 இல் காலமான யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவராம், அதனால் "இதென்ன தம்பி" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.) மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது, ஆகவே சாகித்தியத்தின் பொருள்தான் உருக்கியிருக்கும் என்று யாரும் வரவேண்டாம். பக்தியும் இல்லை, நான் அம்மாவுக்கு டிரைவராகப் போனவன். மனதில் ஏதும் கவலை இருந்திருக்கும் என்றால், அது சம்பளம் வந்த வாரம் ஐயா. சும்மா படம் காட்டுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ எடுத்த வீடியோ பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது. போட்டுப் பார்த்தேன், தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது, இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மண்டபங்களில் மைக் வைத்து எக்கோவும் கூட்டிவிடுகிறார்களே, அங்கேயும் எனக்குப் பாதி இதே கதைதான்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் கலியாணத்துக்குக் காசு கொடுத்து மேளம் பிடிக்கிறோம், யார் கேட்கிறோம்? தாலி கட்டும்போது ஐயர் விரலை ஆட்டினால் கெட்டிமேளம், மற்ற நேரமெல்லாம் நாங்கள் கதைப்பதற்கு அது இடைஞ்சல். எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணத்தில் மேளக்காரரைக் கடைசிப் பந்தியில் இருத்தினார்கள், அப்போது குழம்பு முடிந்துவிட்டது, வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்கள். வீடியோக்காரருக்கு மட்டும் முதல் பந்தியில் தனி மேசை! கேட்டால், "அவர்களுக்குத் தட்சணை கொடுத்தாச்சுத்தானே" என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். அடுத்த திருவிழாவுக்குப் போய்த் தவில்காரருக்கு முன்னால் நில்லுங்கள். அவர் விரல்களில் தொப்பி போலக் கூடு மாட்டி அடிக்கும் பக்கமாக நின்றால் இன்னும் நல்லது. காது அடைக்கும் என்று பயமென்றால் கொஞ்சம் பஞ்சு கொண்டு போங்கள்.