பிழிவதா, நெரிப்பதா, அமத்துவதா? – சில கேள்விகளும் என் பதில்களும்

இருபத்தைந்து வருடமாக யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சிங்களம், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் நடுவில் ஓடித் திரிகிற வேலை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. போன கிழமை, ஆங்கிலத்து 'ஸ்குவீஸ்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை வினை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள் என எழுதியிருந்தேன். எண்ணியவர்கள் குறைவு, கேள்வி கேட்டவர்கள்தான் கூட. என்னால் பதில் சொல்லக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மானிப்பாயிலிருந்து ஒரு மாணவி: ரீச்சர், அழுத்து, அமுக்கு, நசுக்கு, நெரி, பிழி, பிதுக்கு, கசக்கு, பிசை, இறுக்கு... எதை எங்கே போடுவது? விதி ஏதும் உண்டா?

விதி என்று சொல்லப் பயமாக இருக்கிறது பிள்ளை. ஆனால் நான் பிடித்துக்கொண்டு நடக்கிற கயிறு ஒன்று உண்டு. கையைப் பார்க்காதீர்கள், கைக்குள் அகப்பட்ட பொருளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சாறு வெளியே வந்தால் பிழிந்தோம். தோலுக்குள் இருந்தது முழுசாக நழுவி வந்தால் பிதுக்கினோம். பொருள் தன் உருவத்தை இழந்து தட்டையானால் நசுக்கினோம். இரண்டு வலிய பொருளுக்கு நடுவில் அகப்பட்டு நொந்தால் நெரிந்தது. துணியோ கடதாசியோ சுருக்கம் விழுந்து கிடந்தால் கசக்கினோம். விட்டவுடன் பழையபடி எழும்புகிற மெத்தை, பந்து என்றால் அமுக்கினோம். கை செய்தது எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வேலைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நசுக்கு–நசுங்கு, அமுக்கு–அமுங்கு, பிதுக்கு–பிதுங்கு, கசக்கு–கசங்கு என்று இவற்றில் பலவற்றுக்குச் சோடி உண்டு. ஒருவர் செய்தால் ஒன்று, தானாக நடந்தால் மற்றது. பிழிக்கு அப்படி இல்லை. 'தேசிக்காய் பிழிங்கிவிட்டது' என்று யாரும் சொல்வதில்லை. பிழிய ஓர் ஆள் வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் செய்தவர் யார் என்று சொல்லாமல் விட்ட வாக்கியம் ஒன்று வந்தால், தமிழில் எந்த வினை அந்த ஆளை வெளியே இழுத்துவிடும், எது மறைத்து வைக்கும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர்: அக்கா, இடியப்பமும் பிழிகிறோம், முறுக்கும் பிழிகிறோம். அதில் என்ன சாறு வருகிறது?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சாறு என்று நான் சொன்னது அவசரம். நமக்கு வேண்டியது துளைகளுக்குள்ளால் வெளியே வந்தால் பிழிதான், அது பாலாக இருந்தாலும் மாவாக இருந்தாலும். பற்பசைக்குப் பிதுக்கு என்பேன் நான், எங்கள் வீட்டில் பாதிப் பேர் பிழி என்கிறார்கள். அதில் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் சமையலறை முழுக்க இந்தக் கதைதான். ஆங்கிலச் சமையல் குறிப்பில் புளியை 'ஸ்குவீஸ்' பண்ணச் சொல்லியிருக்கும். நாங்கள் புளியைக் கரைக்கிறோம். விரல்கள் பிழிகிற வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் நம் கண் சட்டித் தண்ணீரில் இருக்கிறது.

வவுனியாவில் வேலை செய்யும் ஒரு தம்பி: சிங்களத்தில் இந்தச் சிக்கல் இல்லையா?

இருக்கிறது தம்பி, வேறு மாதிரி. பொத்தானை அமத்துவதற்கு 'ஒபனவா'. கைக்குள் வைத்து இறுக்குவதற்கு 'மிரிக்கனவா'. இந்த இரண்டாவதுதான் என்னை ஒருமுறை கவிழ்த்தது.

தொழிலுக்கு வந்த புதிது. சிங்களத்தில் எழுதிய முறைப்பாடு ஒன்றைத் தமிழாக்கக் கொண்டுவந்தார்கள். வேலிச் சண்டை. எதிராளி வந்து 'பெல்ல மிரிக்குவா' என்று எழுதியிருந்தது. பெல்ல என்றால் கழுத்து. அதற்கு முதல் நாள்தான் ஒரு சிங்களச் சமையல் குறிப்பைத் தமிழாக்கியிருந்தேன். அதில் 'பொல் கிரி மிரிக்கனவா', அதாவது தேங்காய்ப்பால் பிழிவது. அந்தச் சூட்டோடு சூடாக, "கழுத்தைப் பிழிந்தார்" என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். முறைப்பாடு கொடுத்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. நான் வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் நின்ற சட்டத்தரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விலக்கி, கழுத்தில் நீலம் பாரித்துக் கிடந்த இடத்தைக் காட்டி, "நான் என்ன தேங்காய்ப்பூவோ பிள்ளை, பிழியிறதுக்கு?" என்றார்.

நெரித்தார் என்று திருத்தினேன். பிறகு வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. ஏனென்றால் திருத்தியதும் முழுக்கச் சரியா என்று தெரியவில்லை. நெரித்தார் என்றால் தமிழில் மூச்சை அடைக்கிற நோக்கம் தொனிக்கிறது. அமத்திப் பிடித்தார் என்றால் குற்றம் குறைந்துவிடுகிறது. சிங்களச் சொல் தேங்காய்ப்பூவுக்கும் கழுத்துக்கும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, நாங்கள்தான் ஏதோ ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்த அம்மாவின் கழுத்தைக் கண்டதால் எனக்கு நெரித்தார் என்று எழுதக் கை வந்தது. காகிதம் மட்டும் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றைக்கும் சில வேளை யோசிப்பேன்.

சுன்னாகம், உயர்தரம் பௌதிகவியல் படிப்பவர்: எங்கள் புத்தகத்தில் அமுக்கம். இந்தியத் தமிழ்க் காணொளிகளில் அழுத்தம். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் கலந்தால் குழம்பும். இலங்கைப் பாடநூலில் அழுத்தம் என்ற சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் நிலையாற்றல் என்பதை நாங்கள் அழுத்தசக்தி என்கிறோம். மின்னழுத்த வித்தியாசமும் அந்த வழிதான். அந்தக் கதிரையில் அழுத்தம் இருந்துவிட்டதால், காற்றும் தண்ணீரும் தருகிற நெருக்கலுக்கு அமுக்கம் வந்து இருந்தது. அதனால்தான் வங்காள விரிகுடாவில் ஒரே சுழற்சி கிளம்பினாலும் சென்னை வானொலிக்கு அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், எங்களுக்குத் தாழமுக்கம். ஆஸ்பத்திரிச் சுவரில் குருதியமுக்கம் என்று எழுதியிருக்கும், வரிசையில் நிற்கிற சனம் பிரஷர் என்று சொல்லும். சோதனையில் அமுக்கம் என்றே எழுதுங்கள்.

சிங்களத்தில் குருதியமுக்கம் 'ருதிர பீடனய'. அந்தப் பீடனம் சமஸ்கிருதம், அழுத்துவது, நெருக்குவது, வருத்துவது எல்லாம் அதன் பொருள். நாம் 'பீடை பிடிச்ச வீடு' என்கிறோமே, அந்தப் பீடையும் இதே வேர்தான். பிரஷர் மாத்திரை எடுக்கிற என் அண்ணருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப சிங்களவன் சரியாத்தான் பேர் வைச்சிருக்கிறான்" என்றார்.

கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் ஒருவர், கிளிநொச்சி: 'ஜாதா' என்ற சொல்லுக்குப் பிழி என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பயிற்சியிலும் வேறு வேறு பொருளில் வருகிறது.

எனக்குக் கொரிய மொழி வராது. பக்கத்து வீட்டுத் தம்பி அங்கே ஐந்து வருடம் தொழிற்சாலையில் நின்றவன், அவனை இருத்தி வைத்துக் கேட்டேன். ஈரத்துணியை ஜாதா, எள்ளிலிருந்து எண்ணெயை ஜாதா, பற்பசையை ஜாதா, மாட்டில் பாலை ஜாதா, முகப்பருவைக்கூட ஜாதா. எங்களுக்கோ துணியைப் பிழிய வேண்டும், எள்ளைச் செக்கில் ஆட்ட வேண்டும், பசுவைக் கறக்க வேண்டும், பருவைப் பிதுக்க வேண்டும். ஆகவே சொல்லுக்குச் சொல் எழுதி வைக்காதீர்கள். 'உள்ளே இருப்பதை நெருக்கி வெளியே எடு' என்று கொப்பியில் ஒரு வரி எழுதி, கீழே ஐந்து பொருளை வரிசையாகப் போடுங்கள். பொத்தானுக்கும் சுவிச்சுக்கும் 'நுருதா' என்று வேறு சொல் இருக்கிறதாம், அதை இதோடு கலக்க வேண்டாம். கேட்க ருசியான செய்தி ஒன்று: மூளையைக் கசக்கி யோசிப்பதற்கும் கொரிய மொழியில் இந்தப் பிழிதான். தலையைப் பிழிகிறார்களாம்.

ஜேர்மனியிலிருந்து ஒரு தாய்: என் மகன் கடைக் கதவுக்கு முன்னால் நின்று, "அம்மா, கதவை அமத்துங்கோ" என்கிறான். திருத்துவதா விடுவதா?

பிள்ளையில் பிழை இல்லை. ஜேர்மன் கதவில் 'ட்ருக்கன்' என்று ஒட்டியிருக்கும், நம் ஊரில் அதே இடத்தில் 'தள்ளுக' இருக்கும். பொத்தானுக்கும் கதவுக்கும் அவர்களுக்கு ஒரே சொல். காலைக் கடிக்கிற சப்பாத்துக்கும் அதே சொல்தான், எங்களுக்குச் சப்பாத்து கடிக்கிறது, அவர்களுக்கு அமத்துகிறது. அச்சிடுவதற்கான சொல்லும் அதன் கூடப்பிறந்ததுதான், ஓர் உயிரெழுத்து மட்டும் மாறும். நோர்வேயில் 'த்ரிக்க' என்ற ஒரு சொல்லே அமத்துவதற்கும் அச்சிடுவதற்கும் போதும். தமிழ் அச்சகம் என்றபோது இந்தப் பக்கமே வரவில்லை. அமத்துகிற வேலையை விட்டுவிட்டு, பதிகிற அச்சைப் பிடித்துக்கொண்டது. மகனைத் திருத்துங்கள், ஆனால் சிரிக்காதீர்கள். சிரித்தால் பிறகு தமிழே கதைக்க மாட்டான்.

ஒஸ்லோவிலிருந்து: பனங்காய்ப் பணியாரம் செய்முறையைப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதுகிறேன். 'பினைதல்' என்பதற்கு என்ன போடுவது?

சுட்ட பனம்பழத்தின் தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் தும்போடு சேர்த்துப் பினைவீர்கள். முழங்கை வரைக்கும் மஞ்சள் வழியும். தும்பு வெளிறி வருகிற வரைக்கும் விடக்கூடாது. இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடிக் காலத்தை வீணாக்காதீர்கள். 'நீட்' என்று போட்டால் ரொட்டிக்கு மா குழைக்கிற மாதிரி உருட்டிவிடுவார்கள், 'ஸ்குவீஸ்' என்று போட்டால் தேசிக்காய் மாதிரி ஒருதரம் பிழிந்துவிட்டுத் தும்பை எறிந்துவிடுவார்கள். "தும்பு வெளிறும் வரை இரு கைகளாலும் தேய்த்துக் களியைப் பிரித்தெடுங்கள்" என்பதை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள். பினைதல் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஓரமாகப் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் கேட்டால் சொல்லிக் கொடுக்கலாம்.

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: திருக்குறளில் கரும்பை வள்ளுவர் பிழியவில்லை, நசுக்கவில்லை, கொல்கிறார். கவனித்தீர்களா, மகள்?

கவனித்தேன் ஐயா, கயமை அதிகாரத்து 1078ஆம் குறள். 'சொல்லப் பயன்படுவர் சான்றோர் கரும்புபோல் கொல்லப் பயன்படும் கீழ்.' சொல்ல, கொல்ல என்ற எதுகைக்காக வந்த சொல் என்று தட்டிவிடலாம். ஆனால் கரும்பு ஆலைக்குள் போய்ச் சக்கையாக வெளியே விழுவதைப் பார்த்தவருக்கு அது எதுகைக்கு மட்டும் வந்த சொல்லாகத் தெரியாது. ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ப்ரூஸ்' என்று போட்டார். இன்றைக்கு அது கன்றிப்போவது, நீலம் பாரிப்பது. பழைய ஆங்கிலத்தில் நசுக்குவதற்கும் அது வரும். அவருக்கும் எதுகைத் தொல்லை, முதல் அடி 'யூஸ்' என்று முடிகிறது. என்னிடம் தந்தால் 'கொல்' என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். கரும்பை ஆங்கிலத்திலும் கொன்றுவிட்டு, வாசிப்பவர் ஒரு கணம் தடுக்கி நிற்கட்டும் என்று விடுவேன்.

பெயர் போடாத ஒருவர்: உடுப்பை 'பிரஸ்' பண்ணுவதற்கு நல்ல தமிழ்?

மினுக்குவது. உங்கள் அம்மம்மாவிடம் கேட்டிருக்கலாம்.

கொழும்பில் வங்கியில் வேலை செய்பவர்: கல்லிலிருந்து இரத்தம் பிழிவது என்று ஆங்கிலத்தில் வருகிறது, அப்படியே எழுதினால் விளங்காதா?

விளங்கும், ஆனால் எங்கள் ஆட்கள் கல்லில் நார் உரிப்பவர்கள். கடன் திருப்பித் தராதவரைப் பற்றிய கடிதம் என்றால் அதைப் போடுங்கள்.

கோப்பாயிலிருந்து ஒரு பெடியன்: சைக்கிள் உழக்கிறேன் என்று சொன்னதற்குச் சென்னை நண்பன் சிரிக்கிறான். மிதிக்கிறேன் என்பதுதான் சரியாம்.

அவனுக்கு அது சரி, உனக்கு இது சரி. உழக்குவது பழைய சொல், காலால் மிதித்துக் கலக்குவது. பழம்பாட்டில் யானை குளத்தை உழக்கும். யாழ்ப்பாணத்தில் யானைக்கு எங்கே போக, சைக்கிளில் ஏற்றிவிட்டோம். அவனும் நீயும் ஒரே பெல்லை அடிக்கிறீர்கள்தானே? விரலால் அமத்திவிட்டு அடித்தேன் என்கிறீர்கள். அதைப் பற்றி அவனிடம் கேட்டுப் பார்.