தெளிந்த கண் மீண்டும் மங்கினால்

உசிலம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: "அம்மாவுக்கு வயது 67. மதுரையில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து எட்டு நாட்கள் ஆகின்றன. நன்றாகத் தெரிந்த கண் நேற்றிலிருந்து சிவந்து வலிக்கிறது, பார்வையும் மங்கல். மறுபரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காத்திருக்கலாமா?"

வேண்டாம். இன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரவானாலும் போங்கள். அங்கே போக வழியில்லை என்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டும் சொட்டு மருந்துகளும் கையில் இருக்கட்டும்.

லேசான உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம் எல்லாம் முதல் சில நாட்கள் பலருக்கும் இருக்கும். நாளுக்கு நாள் குறையும். உங்கள் அம்மாவுக்குக் கூடுகிறது. கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் விழித்திரையை விரைவாகச் சிதைத்துவிடும். சொட்டு மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போதிய அளவில் இறங்காது. ஆன்டிபயாடிக் மருந்தை ஊசியால் கண்ணுக்குள்ளேயே செலுத்த வேண்டும். அதனால்தான் ஒரு நாள் தாமதத்தைக்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலருக்கு வலியே இல்லாமலும் இத்தொற்று வருகிறது. பார்வை மங்குவது ஒன்றே போதும், கிளம்புவதற்கு. மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல் இருந்தாலும் இதே அவசரம்தான். அவை விழித்திரை விலகலின் அறிகுறிகள்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வலியின்றி மெதுவாக மங்கினால் பயப்பட வேண்டாம். "புரை மறுபடியும் வளர்ந்துவிட்டது" என்பார்கள். புரை திரும்ப வளராது. அறுவை சிகிச்சையில் வைத்த செயற்கை லென்சுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும். சில நிமிட லேசர் சிகிச்சையில் சரியாகிவிடும்.

மருந்துக்கடையில் கேட்டு வேறு சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். கண்ணின் அழற்சி தணியக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொன்னபடியே குறைக்க வேண்டும். இஷ்டத்துக்கு நீட்டினால் கண் அழுத்தம் ஏறலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணில் படவே கூடாது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

சொட்டு மருந்து போடுமுன் சோப்பால் கை கழுவுங்கள். புட்டியின் நுனி இமையில் படக்கூடாது. இரண்டு மருந்துகளுக்கு இடையே ஐந்து நிமிடம் விடுங்கள். தலைக்குக் குளிப்பது, விறகடுப்புப் புகை, குடம் தூக்குவது எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும் வரை வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், போனவுடன் முதலில் அதைச் சொல்லுங்கள்.