பிக்சர் ட்யூப் காலத்துக் கலர் டிவிகளில் 'டிஜிட்டல்' என்று எழுதியிருந்தார்களே, வந்த சிக்னல் அனலாக்தானே? அது ஏமாற்று வேலையா?

பெரும்பாலும் விளம்பரம்தான், ஆனால் முழுப் பொய் இல்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் இருபது வருஷம் டிவி பெட்டிகளைத் திறந்து மூடியவன் நான். எங்கள் கைக்கு வந்த பலவற்றில் டிஜிட்டலாக இருந்தது ரிமோட்டும், சேனலை ஞாபகம் வைக்கும் மெமரி ஐசியும்தான். படம் கடைசிவரை அனலாக்காகவே, அதாவது எண்ணாக மாறாத அலையாகவே ஓடியது.

நிஜமாகவே படத்தை எண்ணாக்கிய டிவியும் இருந்தது, அதுவும் 1983-லேயே. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ஊரில் இருந்த ஐடிடி இன்டர்மெட்டால் கம்பெனியின் 'டிஜிட் 2000' சிப்புகள்தான் அதற்குள் இருந்தன. நம் தூர்தர்ஷனில் கலர் வந்தே அப்போது ஒரு வருஷம்தான்.

அதன் அருமை தெரிய, அதற்கு முந்தைய ஏற்பாட்டைப் பார்க்கணும். அன்றைய நம்மூர் கலர் முறையின் பெயர் பால் (PAL, குடிக்கிற பால் இல்லை). டெலிஃபுங்கன் கம்பெனியில் வால்டர் புருக் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. டிவி படம் வரிவரியாகத்தான் வரும்; அதில் கலர் சிக்னலில் ஒரு பாதியை ஒரு வரி விட்டு ஒரு வரி தலைகீழாக்கி அனுப்புவார்கள். வழியில் ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் நேரக்கணக்கு) பிசகினால் ஒரு வரியில் நிறம் இந்தப் பக்கம் சாயும், அடுத்த வரியில் அந்தப் பக்கம். இரண்டையும் கூட்டினால் பிசகு அடிபட்டுப் போகும்.

கூட்டணும் என்றால் முந்தைய வரியை 64 மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு வரி ஓடும் நேரம், பிடித்து வைக்கணுமே! அதற்குள் ஒளி 19 கிலோமீட்டர் ஓடிவிடும், மதுரையிலிருந்து கிட்டத்தட்ட அழகர்கோவில் தூரம். அவ்வளவு ஒயரை டிவிக்குள் எங்கே சுருட்டுவது? அதனால் சிக்னலைக் காதுக்குக் கேட்காத அதிர்வாக்கிக் கண்ணாடித் துண்டுக்குள் விட்டார்கள். அதே நேரத்தில் கண்ணாடிக்குள் அதிர்வு ஒரு சாண்கூடப் போகாது. அந்தத் தூரத்தையும் சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பவைத்துச் சின்ன டப்பாவில் அடைத்ததுதான் டிலே லைன். அதன் செட்டிங் பிசகினால் ஜன்னல் தட்டி போட்ட மாதிரி முகமெல்லாம் குறுக்குக் கோடு விழும். 'ஹானோவர் பார்' என்பார்கள், புருக் வேலை பார்த்த ஊரின் பெயரில்.

டிஜிட் 2000-ல் கண்ணாடிக்கு வேலையே இல்லை. நிறத்தைச் சுமந்துவரும் அலையான கலர் சப்-கேரியரின் நாலு மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 1 கோடியே 77 லட்சம் தடவை வீடியோவை அளந்து எண்ணாக்கினார்கள். ஒரு வரியின் எண்களை மெமரியில் போட்டு அடுத்த வரியோடு கூட்டினால் முடிந்தது. அதென்ன நாலு மடங்கு? கலர் அலையின் ஒவ்வொரு சுற்றிலும் கச்சிதமாக நாலு அளவு கிடைக்கும், நிறத்தைப் பிரிக்கப் பெருக்கல் கணக்கே வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். எனக்குப் பிடித்த தந்திரம் வேறு. அளக்கும் சிப் 7 பிட்தான், வெறும் 128 படிகள். ஒரு வரி விட்டு ஒரு வரி அளவைக் கோலை அரைப்படி நகர்த்திவிட்டார்கள். பக்கத்து வரிகளைக் கண் தானாகவே கலந்து பார்ப்பதால் 8 பிட் மாதிரி தெரிந்தது. என்ன மூளை!

திருகு வைத்துச் சரிசெய்த பல வேலைகள் அதில் மெமரிக்குள் எண்ணாகப் போய்விட்டன. அந்தப் பழக்கம் அப்புறம் சாதாரண அனலாக் பெட்டிகளுக்கும் தொற்றியது. திருமங்கலத்துக்காரர் ஒருவர் பெரிய 'டிஜிட்டல்' ஸ்டிக்கரோடு ஒரு பெட்டி கொண்டுவந்தார். படம் மேலும் கீழும் சுருங்கியிருந்தது. நான் அரை மணி நேரம் ஸ்க்ரூ டிரைவரோடு போர்டில் அதைச் சரிசெய்யும் ப்ரீசெட் திருகைத் தேடினேன். இருந்தால்தானே! மெமரி ஐசி குழம்பியிருக்கிறது. அதை மாற்றி, ரிமோட்டில் மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மோடுக்குப் போய் எண்களை ஏற்றியதும் படம் நிமிர்ந்தது.

"என்னண்ணே, ரிமோட்ட அமுக்குனதுக்கா முந்நூறு ரூவா?" என்றார். ஐம்பது குறைத்துக்கொண்டேன்.