கணினி கேள்வி-பதில்: லினக்ஸை அப்கிரேட் செய்வதா, புதிதாகப் போடுவதா?

டைல்ஸ் பட்டறையில் பில் போடும் கணினியில் உபுண்டு லினக்ஸ் 20.04 ஓடுகிறது. பில் விவரமெல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. 24.04-க்கு அப்கிரேட் செய்யலாமா, அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

புதிதாகப் போடுங்கள். 20.04-லிருந்து நேரே 24.04-க்குத் தாவ முடியாது, 22.04-க்குப் போய், அங்கிருந்துதான் அடுத்தது. வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்களை (உபுண்டுவின் சொந்தத் தொகுப்பில் இல்லாத மென்பொருள் களஞ்சியங்கள்) அப்கிரேட் முடக்கிவிடும். அவற்றின் வழியாக வந்த பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) பழைய பதிப்பிலேயே நின்று மற்றவற்றோடு முட்டிக்கொள்ளும். பிபிஏ எதுவும் சேர்க்காமல், ஒரு படி மட்டும் பின்தங்கிய கணினியாக இருந்தால் அப்கிரேடே போதும்.

முதலில் டிஸ்க்ஸ் செயலியில் ஹோம் (பயனர்களின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) தனிப் பார்ட்டிஷனாக, அதாவது டிஸ்க்கின் தனிப் பகுதியாக, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுவும்போது மேனுவல் முறையைத் தேர்ந்தெடுத்து, சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். ஹோமுக்குப் பழைய மவுண்ட் பாயின்டையே (/home) கொடுத்து, ஃபார்மட் கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பிருந்த அதே பயனர் பெயரையே முதலில் உருவாக்குங்கள். உபுண்டு முதல் பயனருக்கு 1000 என்ற எண்ணைத் தரும், ஃபைல் யாருடையது என்பது அந்த எண்ணால்தான் குறிக்கப்படும். பட்டறையில் இருவருக்குக் கணக்கு இருந்தால் பழைய வரிசை மாறக் கூடாது. மாறினால் ஒருவர் ஃபைல் மற்றவருக்குச் சொந்தமாகிவிடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: ஹோம் பத்திரமாக இருந்தாலும் பில் விவரம் அதில் இல்லை. மைஎஸ்கியூஎல் அதை ரூட்டில், வார் (/var) ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறது. ஃபார்மட்டில் அடியோடு போய்விடும். மைஎஸ்கியூஎல்டம்ப் (mysqldump) கட்டளையால் பில் டேட்டாபேஸை வெளி டிஸ்க்கில் எடுங்கள். ரொட்டீன்ஸ் (--routines) என்ற ஆப்ஷனைச் சேருங்கள், இல்லாவிட்டால் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்களான ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் வராது. எடுத்த ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' (Dump completed) என்று தேதியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது, ஃபார்மட்டில் கை வைக்காதீர்கள். மைஎஸ்கியூஎல் பயனரும் கடவுச்சொல்லும் இந்த ஃபைலில் இருக்காது. புதிதாக உருவாக்கித் தர வேண்டும். ஈடிசி (/etc) ஃபோல்டரையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பிரிண்டர் அமைப்பெல்லாம் அதில்தான்.

ஹோம் தனியாக இல்லையென்றால் அதையும் முழுதாக வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஃபேட்32 ஃபார்மட்டில் உள்ள பென்டிரைவ் உதவாது: 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது, ஃபைல்களின் உரிமை விவரமும் தங்காது. டிஸ்க் லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) ஃபார்மட்டில் இருக்கட்டும்.

அப்கிரேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது வெறும் கறுப்புத் திரைதான்.
– மாணவி, காரைக்குடி

பேக்கேஜ்கள் பாதியில் நிற்கின்றன, பெரும்பாலும் மீட்டுவிடலாம். கணினியை இயக்கி, தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ரெக்கவரி மோட் என்று தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் முதலில் நெட்வொர்க்கையும் பிறகு பேக்கேஜ்களைச் சரிசெய்யும் டிபிகேஜியையும் (dpkg) தேர்ந்தெடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடராவிட்டால் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து, ஹோமை நகல் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அடுத்த முறை யுபிஎஸ் இல்லாமல் அப்கிரேடைத் தொடங்காதீர்கள். பூட் (/boot) ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதிலுள்ள பழைய கர்னல்களையும் (லினக்ஸின் மைய நிரல்) முன்பே நீக்குங்கள். அங்கே இடம் தீர்ந்தாலும் இதே கதிதான்.

32 பிட் கணினியில் டெபியன் லினக்ஸ் 12 இருக்கிறது. 13-க்கு மாறலாமா?
– வாசகர், தேவகோட்டை

வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 12-லேயே இருங்கள்.