ஏற்காட்டுக்குச் சாமான் ஏற்றும் மூடிய பாடி வண்டியில், பெல்ட் கட்டும் வளையங்களை பிளைவுட் தரையில் ஸ்க்ரூ போட்டு மாட்டினால் போதுமா?

போதாது. ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது அதன் புரியைச் சுற்றியுள்ள கொஞ்சம் மரம்தான். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச்சேர 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சுமை பின்கதவுப் பக்கம் சரியும், இறங்கும்போது பிரேக் மிதிக்க மிதிக்க முன்னால் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் அகலமாகும். ஒருநாள் வளையம் கையோடு வந்துவிடும்.

சுமை கட்டும் கணக்கில் முன்னோக்கி எடையில் 80 சதவீதமும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதமும் விசை வரும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 300 கிலோ காப்பி மூட்டை என்றால் முன்னால் மட்டும் 240 கிலோ தள்ளும்.

ஏழடி பாடிக்கு ஆறு டி-ரிங் (D வடிவ இரும்பு வளையம்) போடுங்கள்: மூலைக்கு ஒன்று, நடுவில் இருபுறமும் ஒவ்வொன்று. நான்கு போதும் என்பார்கள். பாதி லோடு ஏற்றும் நாளில் அந்த நடு வளையங்கள்தான் உதவும். போல்ட் எம்10 (10 மி.மீ. விட்டம்), 8.8 கிரேடு (உறுதியான எஃகு), நைலாக் நட்டோடு (அதிர்வில் கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு). தரைக்கு அடியில் ஒவ்வொரு வளையத்துக்கும் 100 × 100 மி.மீ., 5 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு. சேலத்தில் எந்த லேத் பட்டறையிலும் வெட்டித் துளை போட்டுத் தருவார்கள். வெறும் வாஷர் பிளைவுட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும், தகடு வராது.

டிரில்லைத் தொடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப், ஒயரிங், டீசல் டேங்க், ஹேண்ட் பிரேக் கேபிள் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 4 மி.மீ. துளை, கீழே எங்கே வந்தது என்று பார்த்த பிறகே 10.5 மி.மீ. தகடு பாடியின் குறுக்குச் சட்டத்தில் முட்டி நிற்கிற மாதிரி இடம் பாருங்கள். சேசிஸின் நீளச் சட்டத்தில் மட்டும் துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

துளையின் உள்விளிம்பில் பெயின்ட் தடவி, போல்ட் தலையைச் சுற்றி பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். மலையின் பனியும் மழையும் ஓட்டை வழியாக இறங்கினால் பிளைவுட் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், மேலே ஒன்றும் தெரியாது. வளையத்தின் அடித்தகடு மரத்துக்குள் அமுங்கத் தொடங்கினால் முறுக்கியது அதிகம். புது பிளைவுட் படிந்து தளரும் என்பதால், இரண்டு நடை போய்வந்த பிறகு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

வளையத்தைச் சுவரை ஒட்டி, கை நுழையும் இடம் விட்டு வையுங்கள். அகலமாக அடுக்கிய மூட்டை மேல் பெல்ட் அப்போதுதான் நிமிர்ந்து இறங்கும். தரையோடு 30 டிகிரியில் படுத்த பெல்ட், இழுவிசையில் பாதியை மட்டுமே கீழ்நோக்கி அழுத்தத் தரும்.

ஃப்ரிட்ஜ் (குளிர்சாதனப் பெட்டி) ஏற்றினால் தரை வளையம் மட்டும் போதாது, கவிழும். உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் பக்கச் சுவரோடு ஒரு பெல்ட் வேண்டும். அதற்கான வளையத்தைச் சுவர்த் தகட்டில் ரிவெட் அடிக்காமல், உள்ளே நிற்கும் செங்குத்துக் கம்பத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில் போல்ட் போடுங்கள்.