பவுசர் போகாத ஊர்

கேள்வி: விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தங்கள் சிறுநீரையே சுத்தம் செய்து குடிக்கிறார்களாமே, சீ! கோடி கோடியாய்க் கொட்டுகிறவர்களுக்கு நல்ல தண்ணீர் அனுப்ப வழியில்லையா?
– வாசகர் ஒருவர், புளியங்குளம்

பதில்: அனுப்பலாம். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.8 லீற்றர். ஏழு பேருக்கு ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 4,800 லீற்றர். கோடையில் உங்கள் ஒழுங்கைக்கு வருகிற தண்ணீர்ப் பவுசரை 400 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏற்றி, மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவும் விடவேண்டும். அதைவிடச் சிறுநீரைக் காய்ச்சுவது மலிவு.

சீ என்கிறீர்கள். எருமை இறங்குகிற குளத்து நீர்தான் மண்ணுக்குள்ளால் ஊறி உங்கள் கிணற்றுக்கும் வருகிறது.

எடையற்ற அங்கே அடுப்பில் வைத்துக் காய்ச்ச முடியாது. குமிழி மேலே வராது, ஆவியும் நீரும் பிரியாது. அதனால் சுழலும் உருளைக்குள் விட்டு, சுவரோடு ஒட்டவைத்து, அமுக்கத்தைக் குறைத்துக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாக்குகிறார்கள். ஒடுங்கிய அந்த நீரோடு வியர்வையும் மூச்சில் விட்ட ஈரமும் சேர்ந்து வடிகட்டிகள், சூடான வினையூக்கி அறை வழியே போகும். உப்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் மின்கடத்துதிறன் சோதனையில் தேறாத நீர் திரும்ப வடிகட்டிக்கே.

2008 இல் மேலே போன இந்த இயந்திரம் சிறுநீரில் 85 வீத நீரை மீட்கும் என்பது கணக்கு. கணக்குப் பிழைத்துப்போனது எலும்பில். எடையற்ற நிலையில் எலும்பு தேய, சிறுநீரில் கல்சியம் கூடும். சிறுநீர் கெடாதிருக்கச் சேர்த்த சல்பூரிக்கமிலத்தோடு அது ஜிப்சமாகி உள்ளே படிந்து அடைத்துவிட்டது. உங்கள் கேத்திலின் அடியில் பிடிக்கும் கல்லு வேறு. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, தேசிக்காய்ப் புளி விட்டால் கரையும். ஜிப்சம் புளிக்கு அசையாது. ஆகவே கொஞ்சக் காலம் மீட்பைக் குறைத்து ஓட்டி, பிறகு பொஸ்போரிக்கமிலத்துக்கு மாறினார்கள். மிஞ்சும் கழிவையும் சவ்வுப் பையிலிட்டு, சூடான உலர்வளியால் அதிலுள்ள ஈரத்தை இழுத்தெடுத்து, 2023 இல் மொத்த மீட்பை 98 வீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் கானில் வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லீற்றர் வடிய, கழிவுக் குழாயால் எவ்வளவு போகிறது? ஒரு வாளி வைத்து அளந்துவிட்டு அடுத்த கேள்வியை எழுதுங்கள்.