பழைய டர்போ காருக்குக் கொயில் ஓவர் பொருத்தலாமா?

இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய வேகக் கார் ஒன்றின் சொக் அப்சோர்பர்கள் ஓய்ந்துவிட்டன, அவற்றைக் கம்பனித் தரத்திலேயே மாற்றுவதா அல்லது ஸ்பிரிங்கும் சொக் அப்சோர்பரும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கொயில் ஓவர் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். காரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் யப்பானிய டர்போ கார் என்றும், அதைச் சற்றுத் தாழ்த்திப் பார்க்கும் ஆசை உங்களுக்கு உள்ளூர இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆசை இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

என்னிடம் இருப்பது ஜி.சி.8 வகை சுபாரு இம்பிரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். திருகோணமலையில் இந்தக் காரை எங்கு நிறுத்தினாலும் யாராவது ஒரு தம்பி வந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் நாலு விரலை வைத்துப் பார்த்து, "அண்ணே, இதைப் பதிச்சால் சும்மா அந்த மாதிரி இருக்கும்" என்று சொல்லாமல் போவதில்லை. இருந்தும் என் காரின் உயரம் தொழிற்சாலையில் இருந்து வந்த உயரம்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

காரணத்தைச் சொல்கிறேன். இம்பிரெஸாவில் முன்னும் பின்னும் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது சொக் அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. நின்ற நிலையில், சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க்கை ஓரளவு கிடையாக இருக்கும்படி அது வகுக்கப்பட்டுள்ளது. காரை அதிகம் தாழ்த்தினால் அந்தக் கையின் வெளிமுனை மேல்நோக்கி எழுந்துவிடும். அப்போது காரின் பாரமையம் இறங்குவதைவிட அது சாய்ந்து சுழலும் மையம் வேகமாக இறங்கிவிடுவதால், வளைவில் உடல் சாய்வதற்கான உந்துதல் உண்மையில் கூடுகிறது. அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. 8 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மில்லிமீற்றர் அமுங்குவதற்கு 8 கிலோ பாரம் வேண்டும் என்று பொருள். கந்தளாய் வழியாக ஹபரணை செல்லும் நல்ல கார்ப்பெட் வீதியில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கைகளிலும், மதகின் இருபுறமும் தார் அமர்ந்துபோன இடங்களிலும், ஸ்ட்ரட்டுக்கு மேல்நோக்கிப் போக இடமில்லாமல் அமுக்கத்தின் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பரில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் ரயர் தன் பிடியை இழக்கும்.

1995இல் கொலின் மக்ரே உலக ரலி சம்பியன் ஆனதும், அந்த ஆண்டு தொடங்கி 1997 வரை சுபாரு தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டம் வென்றதும் இந்த இம்பிரெஸா வரிசையில்தான். கிரவல் பாதையில் அந்த ரலிக் கார்கள் உயரமாக நின்று, நீண்ட தூரம் அமுங்கி எழும் சொக் அப்சோர்பர்களோடு ஓடின. சமதளமான தார் வீதிப் போட்டிக்கு மட்டும் தாழ்த்தினார்கள். படத்தில் தார் வீதிக் காரைப் பார்த்துவிட்டு கிரவல் வீதியில் வாழும் நாம் அதைப் பின்பற்றுவது எனக்கு விளங்கவில்லை.

கொயில் ஓவருக்கு நான் விரோதி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பந்தய ஓடுதளத்துக்குக் கொண்டு போகிறவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் உங்கள் கார் கடலோரத்தில் நிற்கிறது என்றால் உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய காரில், கொயில் ஓவரின் உருக்குக் குழாயின் புரியில் உயரத்தை மாற்றத் திருகும் அலுமினிய வளையம் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிட்டது. எண்ணெயும் சுத்தியலும் தோற்ற பிறகு உயரத்தை மாற்றும் வசதிக்காகக் கொடுத்த பணத்துக்கு அங்கே பொருளே இல்லாமல் போனது.

நான் தெரிவு செய்தது கம்பனி உயரத்துக்கான கயாபா எக்செல்-ஜி சொக் அப்சோர்பர். இது இரட்டைக் குழாய் வகை, குறைந்த அழுத்த வாயு நிரப்பியது, சிறு குழிகளில் மென்மையாக நடந்துகொள்ளும். உங்கள் கை தாராளமாக இருந்தால் பில்ஸ்டைனின் ஒற்றைக் குழாய் வகையைப் பாருங்கள். அதில் எண்ணெயும் வாயுவும் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரிக்கப்பட்டிருப்பதால் நீண்ட ஓட்டத்தில் எண்ணெய் நுரைக்காது. பில்ஸ்டைனில் பி6 கம்பனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்காதீர்கள்.

சொக் அப்சோர்பரை மட்டும் மாற்றிவிட்டு, "காசு போனது, கார் அப்படியே இருக்கிறது" என்பவர்கள் பலர். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டொப், கீழ்க்கையின் ரப்பர் புஷ், பின்சக்கரத்தைப் பிடிக்கும் லிங்க் கம்பிகளின் புஷ் எல்லாமே காரின் வயதுதான். என் காரில் வேலையின் பெரும்பகுதி பின்பக்க லிங்குகளைச் சக்கரக் கட்டுடன் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டில் போனது. அது புஷ்ஷின் உள் உருக்குக் குழாயோடு துருவில் ஒன்றாகிவிட்டிருந்தது, சூடாக்கியும் அசையவில்லை, இறுதியில் இரு முனையிலும் வெட்டித்தான் எடுத்தார்கள். இந்த வகைக் காரில் அந்தப் போல்ட் பேர்போனது. ஆகவே காரைத் தூக்குவதற்கு முன்பே புதிய போல்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் ரூபாயும் சரிந்த பிறகு, பழைய பாகத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து ரீகண்டிஷன் என்று விற்பது ஒரு தொழிலாகிவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் எனக்குக் காட்டிய சொக் அப்சோர்பர் சோடியின் தண்டுகளைக் கீழே அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஒன்று தயங்கித் தயங்கி எழுந்தது, மற்றது அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. வாயு போய்விட்டது என்றேன். யப்பான் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று அந்த முதலாளி எனக்குப் பாடம் எடுத்தார். நீங்களும் அழுத்திப் பாருங்கள், ஆனால் நிமிர்த்தி வைத்து சில தடவை முழுமையாக இழுத்து அமுக்கிய பிறகு பாருங்கள். படுக்கையில் கிடந்த இரட்டைக் குழாய் வகை, நல்லதாக இருந்தாலும் முதலில் தடுமாறும்.

பொருத்தும்போது இரண்டு விடயங்கள். முன் ஸ்ட்ரட்டின் மேல் போல்ட் ஜி.சி.8இல் சக்கரச் சாய்வைத் திருத்தும் போல்ட். கழற்றுமுன் அதன் நிலையைக் கீறி அடையாளமிட்டால் அலைன்மென்ட் செய்யும் இடம் வரை கார் நேராக ஓடும். புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தொங்கும் நிலையில் இறுக்க விடாதீர்கள். ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருப்பதால், தொங்கவிட்டு இறுக்கினால் காரை இறக்கிய உடனேயே அது முறுகிய நிலைக்குப் போய், சில மாதங்களில் கிழிந்துவிடும். சக்கரங்கள் நிலத்தில் நின்று பாரத்தைத் தாங்கும்போதுதான் கடைசி இறுக்கு. இதைச் சொன்னால் முகம் சுளிக்கிற மெக்கானிக்காக இருந்தால் வேறு கராஜைப் பாருங்கள்.